பீ.ஈ. 5 என்றால் எண்ணெய்ப் பங்கு மலிவா?

கேள்வி இதுதான்: கொழும்புப் பங்குச் சந்தையில் லங்கா ஐஓசி பங்கு பீ.ஈ. (விலை உழைப்பு விகிதம்) 5க்குக் கீழே இறங்கினால் அதை மலிவென்று எடுத்துக்கொள்ளலாமா? எக்ஸொன்மொபில் போன்ற உலகக் கம்பனிகளையும் அதே கணக்கில் பார்க்கலாமா?

சுருக்கமாகச் சொன்னால், எண்ணெய்த் துறையில் பீ.ஈ. மிகக் குறைவாகத் தெரிவது பெரும்பாலும் இலாபம் உச்சியில் நிற்கும்போதுதான். ஆகவே வகுப்பதற்கு முன் கீழே இருக்கும் உழைப்பு எண்ணைத் திருத்தவேண்டும். அந்தத் திருத்தம் கிணறு வைத்திருக்கும் கம்பனிக்கு ஒரு விதம், எண்ணெய் இறக்கி விற்கும் கம்பனிக்கு வேறு விதம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை.

விலை உழைப்பு விகிதம் என்று நாம் வர்த்தகப் பாடத்தில் படித்தது, பங்கின் சந்தை விலையைப் பங்கொன்றுக்கான உழைப்பால், அதாவது வரி போன பின் பங்கொன்றுக்கு வரும் இலாபத்தால், வகுத்து வருவது. சவர்க்காரமோ பிஸ்கட்டோ விற்கும் கம்பனியில் கடந்த வருட உழைப்பு அடுத்த வருடத்துக்கும் ஓரளவு வழிகாட்டும். எண்ணெயில் அப்படியில்லை. எக்ஸொன்மொபிலையே பாருங்கள். 2016 முடிவில் பங்கு 90 டொலர், அந்த வருட உழைப்பு 1.88 டொலர், பீ.ஈ. 48. 2022 முடிவில் பங்கு 110 டொலர், உழைப்பு 13.26 டொலர், பீ.ஈ. 8.3. இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்ப்பவர் 2016இல் பங்கு எட்டாத விலை, 2022இல் அள்ளிக்கொள்ளும் விலை என்று நினைப்பார். உண்மையில் 2016 தொடக்கத்தில், உலகச் சந்தையின் அளவுகோலான பிரென்ட் எண்ணெய் பீப்பாய் 30 டொலருக்கும் கீழே போயிருந்தது. 2022 முழுவதற்குமான சராசரியோ 100 டொலரைச் சுற்றி. ஆறு வருடத்தில் பங்கின் விலை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கூடியது, உழைப்போ ஏழு மடங்கு. அதாவது சந்தை பங்கு விலையில் அந்த வருடத்து இலாபத்தை அப்படியே பெருக்கிப் போடவில்லை. நடுத்தரமான ஒரு எண்ணெய் விலையை மனதில் வைத்தே விலை பேசியது. நடுவில் 2020 வந்தது. அந்த வருடம் 22.4 பில்லியன் டொலர் நட்டம், பீ.ஈ. என்ற எண்ணே இல்லை. அதற்காகக் கம்பனி பெறுமதியற்றது என்று யாரும் சொல்லவில்லை.

இலாபம் ஏன் இவ்வளவு ஆடுகிறது என்பதை ஒரு கற்பனைக் கம்பனியில் போட்டுப் பார்க்கலாம். வருடம் 50 மில்லியன் பீப்பாய் எடுக்கிறது. பெறுமானத் தேய்வும் சேர்த்து பீப்பாய்க்கு 45 டொலர் செலவு, வரி 35 சதவீதம், பங்குகள் 200 மில்லியன், பங்கு விலை 45 டொலர். எண்ணெய் 90 டொலராக இருந்தால் உழைப்பு 7.31 டொலர், பீ.ஈ. 6.2. எண்ணெய் 70 ஆனால் 4.06 டொலர், பீ.ஈ. 11. 55 ஆனால் 1.63 டொலர், பீ.ஈ. 27க்கு மேல். எண்ணெய் விலை 39 சதவீதம் விழ உழைப்பு 78 சதவீதம் விழுகிறது. செலவு அசையாமல் நிற்பதால் வரும் வினை இது. செலவு பீப்பாய்க்கு 25 டொலர் மட்டும் என்றால் இந்த ஆட்டம் வெகுவாகக் குறையும். அதனால்தான் உற்பத்திக் கம்பனிகளில் பீ.ஈ.யைப் பார்க்க முன் பீப்பாய்க்கான செலவைத் தேடவேண்டும் என்று சொல்வது.

யாராவது 'முன்னோக்கிய பீ.ஈ. 7' (வரப்போகும் வருட உழைப்பை எதிர்பார்த்துக் கணித்தது) என்று சொன்னால் உடனே கேட்கவேண்டியது, பிரென்ட் எத்தனை டொலர் என்று வைத்து அந்த உழைப்பைக் கணித்தீர்கள் என்பதுதான். பதில் கிடைக்காவிட்டால் அந்த 7க்கு அர்த்தமில்லை.

இதற்கு வழக்கமான மருந்து, பல வருட உழைப்பின் சராசரியை எடுப்பது. எக்ஸொன்மொபிலின் 2015 தொடக்கம் 2024 வரையான பத்து வருட உழைப்பைக் கூட்டி வகுத்தால், 2020 நட்டத்தையும் சேர்த்து, 4.87 டொலர் வருகிறது. 2024 முடிவில் பங்கு 107.57 டொலர். அந்த ஒரு வருட உழைப்பான 7.84 டொலரில் பீ.ஈ. 13.7, பத்து வருடச் சராசரியில் 22. எது சரி? எனக்கு இரண்டும் சரியில்லை. 2020 நட்டத்தில் ஏறத்தாழ 19 பில்லியன் டொலர், சொத்துகளின் புத்தகப் பெறுமதியைக் குறைத்த சேதவிழப்பு. அந்த வருடம் கையைவிட்டுப் போன காசு அல்ல. அதோடு 2024 மே மாதம் பயனியர் நச்சுரல் ரிசோர்சஸ் என்ற எண்ணெய் உற்பத்திக் கம்பனியை வாங்கி முடித்தபின் இது பழைய எக்ஸொன்மொபிலும் அல்ல. பத்து வருடம் என்பது கிணறுகளும் பங்குகளின் எண்ணிக்கையும் மாறிவிடப் போதுமான காலம். நான் நம்புவது, இன்றைய உற்பத்தி அளவையும் இன்றைய செலவையும் வைத்துக்கொண்டு, எண்ணெய் விலையை மட்டும் 60, 70, 80 என்று மாற்றிப் போட்டு மூன்று உழைப்பு எண்களைக் கணிப்பது. பெரிய கம்பனிகள் பல, எண்ணெய் விலை ஒரு டொலரோ பத்து டொலரோ மாறினால் வருட இலாபம் எவ்வளவு மாறும் என்பதைத் தங்கள் முதலீட்டாளர் ஆவணங்களிலேயே தருகின்றன. 60 டொலர் எண்ணெயிலும் பீ.ஈ. தாங்கக்கூடியதாக இருந்தால் மேலே யோசிக்கலாம்.

சேதவிழப்பில் இன்னொரு பொறியும் உண்டு. சொத்தின் பெறுமதியைக் குறைத்த வருடம் உழைப்பு அதலபாதாளத்தில் கிடக்கும். அடுத்தடுத்த வருடங்களில் தேய்வு கழிக்கவேண்டிய தொகையும் குறைந்துவிடும். ஆகவே அதே எண்ணெய், அதே கிணறு, ஆனால் இலாபம் கூடியதுபோல் தெரியும். பீ.ஈ. தானாக மலிவாகிவிடும். ஒருதடவைக் கணக்குகளின் விளையாட்டுக்கு பிரித்தானிய எண்ணெய்க் கம்பனியான பிபீயின் 2022 நல்ல உதாரணம். ரஷ்யாவின் ரொஸ்நெஃப்ட் பங்குகளைக் கைவிட்ட பதிவால் அறிக்கையின் தேறிய முடிவு 2.5 பில்லியன் டொலர் நட்டம். அதே வருடம் அடிப்படை இலாபம் என்று கம்பனி காட்டியது 27.7 பில்லியன் டொலர். இணையத்தளங்கள் பீ.ஈ. கணிக்க எடுப்பது பெரும்பாலும் முதல் எண்ணை.

இனி நம்முடைய பக்கம். கொழும்புச் சந்தையில் கிணறு தோண்டி எண்ணெய் எடுக்கும் கம்பனி ஒன்றுமில்லை. மன்னார்ப் படுகையில் 2011இல் கெய்ர்ன் கம்பனி எரிவாயு கண்டது, வர்த்தக உற்பத்தி வரை அது போகவில்லை. லங்கா ஐஓசி செய்வது சுத்திகரித்த பெற்றோலையும் டீசலையும் கப்பலில் இறக்கி, செட்டுகளில் (எரிபொருள் நிலையங்களில்) விற்பது. கூடவே உராய்வு எண்ணெய், கப்பல்களுக்கான எரிபொருள், தார். கொலன்னாவ, முத்துராஜவெல களஞ்சியங்களை நடத்தும் கம்பனியில் மூன்றில் ஒரு பங்கும், திருகோணமலை சீனக்குடாத் தாங்கிகளும் இருக்கின்றன. ஆகவே 'எண்ணெய் விலை ஏறுது, ஐஓசி வாங்கு' என்ற கணக்கு அடிப்படையிலேயே பிழை. இதன் உழைப்பு வருவது எண்ணெய் விலையிலிருந்து அல்ல, லீற்றருக்கு நிற்கும் இலாபத்திலிருந்து.

தாய்க் கம்பனியான இந்தியன் ஒயிலின் கணக்கே இதற்குச் சாட்சி. 2022 பெப்ரவரியில் தொடங்கிய உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் ஏறியபோது ஓஎன்ஜிசி போன்ற உற்பத்திக் கம்பனிகளுக்குப் பீப்பாய்க்குக் கிடைத்த விலை கூடியது. இந்தியன் ஒயிலோ செட் விலையை ஏற்ற முடியாமல் 2022/23இல் தனிக் கணக்கில் 8,242 கோடி இந்திய ரூபா இலாபத்தோடு நின்றது. கச்சா எண்ணெய் இறங்கி, செட் விலை அப்படியே நின்ற 2023/24இல் அது 39,619 கோடி ரூபா. எண்ணெய் இறங்க இலாபம் ஏறுகிறது. உற்பத்திக் கம்பனியையும் விற்கும் கம்பனியையும் 'எண்ணெய்ப் பங்கு' என்று ஒரே பட்டியலில் போட்டு பீ.ஈ. ஒப்பிடுவதில் பயனில்லை.

லங்கா ஐஓசியில் திருத்தவேண்டிய முதல் விடயம் தொக்கு இலாபம், அதாவது கையிருப்பில் கிடக்கும் எண்ணெயின் விலை ஏறுவதால் வரும் இலாபம். தாங்கியில் 50 மில்லியன் லீற்றர் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஏறத்தாழ ஒரு நடுத்தரக் கப்பல் சுமை. பழைய விலைக்கு இறக்கியது. மாத முடிவு விலைத் திருத்தத்தில், வரி போக லீற்றருக்கு 40 ரூபா கூடுகிறது. ஒரு துளி கூடுதலாக விற்காமலே 2 பில்லியன் ரூபா மொத்த இலாபம். 30 சதவீத வரி போனால் 1.4 பில்லியன். கம்பனியின் பங்குகள் ஏறத்தாழ 532 மில்லியன். அதாவது ஒவ்வொரு பில்லியன் ரூபாவும் பங்கொன்றுக்கு 1.88 ரூபா. இந்த ஒரு கப்பலே உழைப்பில் 2.63 ரூபாவைச் சேர்க்கிறது. அடுத்த மாதம் விலை 40 ரூபா குறைந்தால் அதே அளவு திரும்பிப் போகும். இந்த எண்கள் கணக்குக்காக எடுத்தவை, ஆனால் 1.88 என்ற பெருக்கியை மனதில் வைத்திருங்கள். காலாண்டு அறிக்கை வாசிக்கும்போது கை கொடுக்கும்.

இப்போது 2022ஐ நினைத்துப் பாருங்கள். 92 ஒக்ரேன் பெற்றோல், அரச பெற்றோலியக் கூட்டுத்தாபனமான சிபெட்கோவில் 2021 டிசம்பர் கடைசியில் லீற்றர் 177 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. இப்படி ஏறும் காலத்தில் தொக்கு வைத்திருப்பவருக்கு என்ன நடக்கும் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் ரூபாவின் வீழ்ச்சி இரு பக்கமும் வெட்டும். இறக்குமதிக்குக் கொடுக்கவேண்டிய கடன் டொலரில் இருக்கும். டொலர் 200இலிருந்து 360ஐ நோக்கிப் போனபோது அந்தக் கடனில் மாற்று வீத நட்டம் உடனே பதிவாகும். தொக்கு இலாபமோ செட் விலை திருத்தப்பட்டு, எண்ணெய் விற்ற பின்னர்தான் வரும். ஆகவே ஒரு காலாண்டில் பயங்கர நட்டமும் அடுத்ததில் பயங்கர இலாபமும் தெரியலாம். ஒரு காலாண்டை எடுத்து நான்கால் பெருக்கி பீ.ஈ. கணிப்பவர்கள் இங்கேதான் மாட்டுப்படுகிறார்கள்.

பிரித்து எடுப்பது எப்படி? தொக்கு இலாபத்தைத் தனி வரியாக எதிர்பார்க்காதீர்கள். காலாண்டு வருமானக் கூற்றில் மொத்த இலாபத்தை விற்பனையால் வகுத்து, எட்டுப் பன்னிரண்டு காலாண்டுகளுக்கு ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். பக்கத்திலேயே அந்தக் காலாண்டில் நடந்த விலைத் திருத்தங்களை, ஏற்றமா இறக்கமா என்று குறியுங்கள். விலை அசையாத காலாண்டுகளில் நிற்கும் வீதம்தான் கம்பனியின் சாதாரண இலாபம். அதற்கு மேலே துள்ளி நிற்பவை பெரும்பாலும் தொக்கு. விலை உயர்ந்தால் விற்பனைத் தொகையும் ஊதிப்போவதால், விற்பனை அளவு லீற்றரில் கிடைக்குமிடத்தில் லீற்றருக்கான மொத்த இலாபத்தையும் கணித்துப் பார்ப்பது நல்லது; வீதம் குறைந்தும் லீற்றர் இலாபம் மாறாமல் இருக்கலாம். நிதிச் செலவு, மாற்று வீத இலாப நட்டம் இரண்டையும் கீழே தனியாக எடுத்து வையுங்கள்.

2022/23 நிதியாண்டு இந்தக் கம்பனி அதற்குமுன் கண்டிராத இலாபம் பார்த்த வருடம். தொக்கு ஒரு காரணம் மட்டுமே. கூட்டுத்தாபனத்திடம் டொலர் இல்லாமல் சிபெட்கோ செட்டுகள் காய்ந்து கிடக்க, வரிசை ஐஓசி செட்டுகளை நோக்கித் திரும்பியது. விலையும் செலவுக்கேற்பத் திருத்தப்பட்டது; அதற்கு முன் அரசாங்கம் செட் விலையைப் பிடித்துவைத்த காலங்களில் இதே கம்பனி நட்டத்தில் விற்றிருக்கிறது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் மறுபடி கூடிவருவது அரிது. 2023இல் சினொபெக் வந்தது, பின்னர் ஷெல் பெயரோடு ஆர்.எம். பார்க்ஸ். கம்பனிகளுக்கான பொது வரி வீதமும் 2022இல் 24இலிருந்து 30 சதவீதமாகிவிட்டது. அந்த வருட உழைப்பைக் கீழே போட்டு வந்த பீ.ஈ.யைப் பார்த்து 'இவ்வளவு மலிவா' என்று வியந்தவர்கள், திரும்பி வராத ஒரு வருடத்தை விலை பேசினார்கள்.

கடந்த 12 மாத உழைப்பை நீங்களே கணியுங்கள். செயலிகள் சில கடைசி வருடாந்த எண்ணையே மாதக்கணக்காகக் காட்டிக்கொண்டிருக்கும். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. டிசம்பர் வரையான அறிக்கை கையில் இருந்தால்: கடந்த முழு நிதியாண்டின் உழைப்பு, அதோடு இந்த நிதியாண்டின் ஒன்பது மாத உழைப்பைக் கூட்டி, போன நிதியாண்டின் அதே ஒன்பது மாதத்தைக் கழிக்கவேண்டும். உதாரணமாக 14, 9, 11 என்றால் 12 ரூபா. பங்கு விலை 120 என்றால் பீ.ஈ. 10.

அடுத்தது கையிலிருக்கும் காசு. நல்ல வருடங்களுக்குப் பிறகு இப்படியான கம்பனிகளில் குறுங்கால வைப்புகள் பெருகிக் கிடக்கும். மேலே சொன்ன உதாரணத்தில் பங்கொன்றுக்கு 50 ரூபா காசு இருக்கிறது, கடன் இல்லை என்போம். பலர் 120இலிருந்து 50ஐக் கழித்து, 70ஐ 12ஆல் வகுத்து 'உண்மையான பீ.ஈ. 5.8' என்கிறார்கள். தவறு. அந்த 12 ரூபாவுக்குள் வைப்பின் வட்டியும் இருக்கிறது. 10 சதவீத வட்டி, 30 சதவீத வரி என்றால் அது 3.50 ரூபா. 70ஐ 8.50ஆல் வகுத்தால் 8.2. அதுகூடத் தாராளம்தான், ஏனென்றால் காசு முழுவதும் சும்மா கிடப்பதல்ல. தொன்னுக்கு 800 டொலர், 40,000 தொன், டொலர் 300 ரூபா என்று போட்டால் ஒரு கப்பல் சுமைக்கே 9.6 பில்லியன் ரூபா வேண்டும். பங்கொன்றுக்கு 18 ரூபா. அதைப் பங்கிலாபமாக எடுத்துவிட முடியாது. காசைக் கழிப்பதாக இருந்தால் இந்த அளவையாவது உள்ளே விட்டுவிட்டுக் கழியுங்கள்.

வட்டி வீதத்தோடு ஒப்பிடாமல் பீ.ஈ. பேசுவதும் நம் நாட்டில் ஆபத்து. பீ.ஈ. 4 என்றால் 100 ரூபாவுக்கு 25 ரூபா உழைப்பு. 2022 கடைசியில் ஒரு வருடத் திறைசேரி உண்டியல் (அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரம்) 30 சதவீதத்தைச் சுற்றி நின்றது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் 30 கிடைக்கும்போது, ஆட்டம் காணும் உழைப்பில் 25 என்பது மலிவில்லை. உண்டியல் 8 சதவீதத்துக்கு இறங்கிய பின்னர் பீ.ஈ. 8, அதாவது 12.5 சதவீதம், அன்றைய 4ஐ விட நல்ல பேரமாகவே இருக்கலாம், உழைப்பு திருத்திய உழைப்பாக இருந்தால். எக்ஸொன்மொபிலின் 13.7ஐயும் நம் சந்தைப் பங்கின் 8ஐயும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாததற்கு இதுவும் காரணம். ஒன்று டொலர் வட்டியோடு போட்டியிடுகிறது, மற்றது ரூபா வட்டியோடு.

வெளிநாட்டு உற்பத்திக் கம்பனிகளைப் பார்ப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. அங்கே பீ.ஈ.க்குப் பக்கத்தில் காசுப் பாய்ச்சலையும் இருப்பு வளத்தையும் வைக்காமல் முடிவெடுக்கக் கூடாது. ஒரே மாதிரியான இரு கம்பனிகளில் ஒன்று வெறுங்கிணறு (எண்ணெய் கிடைக்காத கிணறு) தோண்டிய செலவை உடனே நட்டமாக எழுதும், மற்றது சொத்தில் சேர்த்து வருடக்கணக்காகத் தேய்க்கும். அமெரிக்க விதிகள் இரண்டையும் அனுமதிக்கின்றன. ஆகவே பீ.ஈ. வேறுபடும், இயக்கக் காசும் முதலீட்டுச் செலவும் போக மிஞ்சும் தொகையோ அவ்வளவு ஏமாற்றாது. நிரூபிக்கப்பட்ட வளத்தை வருட உற்பத்தியால் வகுத்து எத்தனை வருடம் என்று பாருங்கள். ஏழு வருட வளம் உள்ள கம்பனியின் பீ.ஈ. 6, பதினைந்து வருட வளம் உள்ளதன் 9ஐ விட மலிவு என்று சொல்ல முடியாது. கடன் அதிகமான கம்பனிகளில், பங்கின் மொத்தப் பெறுமதியோடு கடனையும் சேர்த்து, வட்டிக்கும் வரிக்கும் தேய்வுக்கும் முன்னான இலாபத்தால் வகுப்பதே நேர்மையான ஒப்பீடு.

லங்கா ஐஓசிக்குத் திரும்பினால், நான் வைக்கும் ஒழுங்கு இது: விலை அமைதியாக இருந்த நான்கைந்து காலாண்டுகளின் மொத்த இலாப வீதம், அதை இன்றைய விற்பனையில் போட்டு வரும் இலாபம், அதிலிருந்து நிர்வாகச் செலவும் 30 சதவீத வரியும் கழித்து, பில்லியனில் வரும் மீதியை 1.88ஆல் பெருக்கிய உழைப்பு. பங்கு விலையை அதனால் வகுத்து வருவதுதான் பயன்படும் பீ.ஈ. சந்தையில் காட்டும் பீ.ஈ. அதைவிட மிகக் குறைவாக இருந்தால் தொக்கு இலாபம் உள்ளே கலந்திருக்கிறது. மிகக் கூடுதலாக இருந்தால் விலை இறங்கியதால் தொக்கில் அடிபட்ட வருடம், அப்போதுதான் கூர்ந்து பார்க்கவேண்டும். முதல் மூன்று காலாண்டு அறிக்கைகளும் காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் பங்குச் சந்தை இணையத்தளத்தில் வந்துவிடும். விலைத் திருத்தமோ மாதம் முடியும் இரவே தெரியும். ஆகவே அறிக்கை வருவதற்கு முன்பே, அந்தக் காலாண்டில் தொக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை உங்கள் தாளில் குறித்து வைக்கலாம்.